பூக்கிற நேரத்தில் ஏன் வெட்டுகிறார்கள்? தாவரவியல் பூங்காவின் வசந்தகால வேலைகள்

குளிர்நாட்டுத் தாவரவியல் பூங்கா ஒன்றுக்கு வசந்தத்தின் தொடக்கத்தில் போனவர்களுக்கு இந்த ஏமாற்றம் புதிதாக இருக்காது. பூப் பார்க்கலாம் என்று போனால், ரோஜாப் பாத்தியில் முழங்கால் உயரக் குச்சிகள் மட்டும் நிற்கும். பக்கத்துப் பாத்தியிலோ போன வருடத்துக் காய்ந்த தண்டுகளை அப்படியே விட்டிருப்பார்கள். ஒரு மரத்தில் ஆள் ஏறிக் கிளையை அறுத்துக்கொண்டிருப்பார். அடுத்த மரத்தை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். "வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை வெட்டுகிறார்கள்" என்று பார்வையாளர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒருகாலத்தில் நானும் முணுமுணுத்தவன்தான்.

இந்த வேலைகளைப் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாக உலவுகின்றன. இது வருடத்துக்கொரு முறை நடக்கும் சுத்தம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி என்பது ஒன்று. வெட்ட வெட்டத்தான் செடி நன்றாக வளரும் என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவதில் பாதிதான் உண்மை, அந்தப் பாதியையும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒரு செடியை இப்போது வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, பூங்காக்காரர்கள் முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இதன் சேமிப்பு இப்போது எங்கே இருக்கிறது? இதன் பூமொட்டு எப்போது உருவானது? இந்த இரண்டும் புரிந்தால் பூங்காவில் நடப்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

செடிக்கும் மாதக்கடைசி உண்டு

சம்பளக்காரர் வீட்டில் மாதத்தின் கடைசி வாரம் எப்படி இருக்கும்? வரவு இன்னும் வரவில்லை, செலவோ நிற்கவில்லை. கையிருப்பைக் கரைத்துத்தான் நாளை ஓட்ட வேண்டும். வசந்தத் தொடக்கத்தில் இலையுதிர் மரம் ஒன்று இருப்பதும் இதே நிலையில்தான்.

மரத்தில் சம்பாதிக்கும் உறுப்பு இலை. வெயில், தண்ணீர், காற்றிலுள்ள கரியமில வாயு மூன்றையும் வைத்து அது சர்க்கரை செய்கிறது. கோடை முழுக்கச் சம்பாதித்ததில் செலவு போக மிஞ்சியதை மரம் மாவுச்சத்தாக மாற்றி வேரிலும் அடிமரத்திலும் கிளைகளிலும் சேர்த்து வைக்கிறது. பிறகு இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

வசந்தம் வந்ததும் புது இலை வேண்டும். இலை செய்யச் சர்க்கரை வேண்டும். சர்க்கரை செய்யவோ இலை இல்லை. சேமித்த மாவுச்சத்து மறுபடி சர்க்கரையாகி மொட்டுகளுக்குப் போவது இதனால்தான். மேப்பிள் மரத்தில் துளை போட்டு இந்தச் சாற்றை எடுத்துத்தான் பாகு காய்ச்சுகிறார்கள். சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான் இருக்கும். 1 லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும்.

மொட்டு விரிந்து, இளம் இலை முழு அளவுக்கு வளர்ந்து, தன் செலவு போக மிச்சம் பிடிக்கத் தொடங்கும்வரை மரம் கையிருப்பில்தான் வாழ்கிறது. வருடத்தில் அது மிகவும் ஏழையாக இருப்பது இந்தச் சில வாரங்களில். துளிர்கள் விரிந்துகொண்டிருக்கும்போது பெரிய கிளைகளை வெட்டினால், சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய கடையை முதல் வியாபாரத்துக்கு முன்பே மூடியதற்குச் சமம்.

மொட்டு மூடியிருக்கும்போதே, அதாவது குளிர்காலம் முடியும் தறுவாயில் வெட்டினால் கதை வேறு. சேமிப்பில் பெரும்பங்கு வேரிலும் அடிமரத்திலும் பத்திரமாக இருக்கும். வெட்டுப்படுவது வெறுங்கிளை. சேமிப்பு பெரிதாகக் குறையாமல், அதைப் பங்கு போட வரும் மொட்டுகளின் எண்ணிக்கை மட்டும் குறைகிறது. ஒவ்வொரு மொட்டுக்கும் கிடைக்கும் பங்கு கூடுகிறது. துளிர்கள் நீண்டு கொழுத்து வருகின்றன. "வெட்டினால் நன்றாக வளரும்" என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். ஆனால் மொத்தக் கணக்குப் பார்த்தால், வெட்டிய மரம் வெட்டாத மரத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். வளர்ச்சி சில இடங்களில் குவிந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை.

எதற்காக, எங்கே, எப்போது என்று தெரிந்துகொண்டு கிளையை நீக்கும் இந்த வேலைக்குப் பெயர் கவாத்து. இனி அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன். "மரத்தை வெட்டுகிறார்கள்" என்று சொல்லும்போதே பாதிச் சண்டை தொடங்கிவிடுகிறது.

இரண்டு நாள் வெயிலடித்தால் மரம் விழித்துக்கொள்ளாதா?

நியாயமான கேள்வி. குளிர்காலத்தின் நடுவிலும் திடீரென்று நான்கு நாள் இதமாக வெயிலடிப்பதுண்டு. அதை நம்பி மொட்டை விரித்த மரம் அடுத்த வாரப் பனியில் கருகிவிடும். அப்படி ஏமாறாமல் இருக்க மரங்களிடம் இரண்டு பூட்டுகள் உள்ளன.

முதல் பூட்டு உள்ளே இருக்கிறது. மொட்டு போதுமான அளவு குளிரை அனுபவித்தாக வேண்டும். பெரும்பாலும் 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் இது திறக்கும். சில ஆப்பிள் வகைகளுக்கு 1,000 மணி நேரம்கூடத் தேவைப்படும். சிலவற்றுக்கு 300 மணி நேரமே போதும். அதுவரை எவ்வளவு வெயிலடித்தாலும் மொட்டு அசையாது. மொட்டு இப்படி அடங்கிக் கிடப்பதை உறக்கநிலை என்கிறோம். இரண்டாவது பூட்டு வெளியே இருக்கிறது. குளிர்க் கணக்கு முடிந்தபின், தொடர்ந்து சில நாட்கள் வெப்பம் சேர வேண்டும். அப்புறம்தான் மொட்டு உப்பத் தொடங்கும்.

ஒவ்வொரு வருடமும் குளிரும் வெயிலும் ஒரே நாளில் வந்து போவதில்லை. அதனால் இரண்டாவது பூட்டு திறக்கும் தேதி முன்னும் பின்னுமாக நகர்கிறது. அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் நாட்காட்டியைவிடப் பக்கத்துச் செடியை அதிகம் நம்புவது இதனால்தான். ஃபார்சித்தியா என்றொரு புதர்ச்செடி உண்டு. இலை வருவதற்கு முன்பே கிளை முழுக்க மஞ்சளாகப் பூத்துவிடும். அது பூத்தால் ரோஜாவைக் கவாத்து செய்யலாம் என்பது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. இரண்டு செடிகளும் ஒரே வானிலையில் நிற்பதால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கணிக்க முடிகிறது. ரோஜாப் பாத்தி குச்சிகளாக நின்ற நாளில் ஃபார்சித்தியா எங்கே என்று திரும்பிப் பார்த்திருந்தால், அங்கே மஞ்சள் இருந்திருக்கும்.

நுனி போனால் மற்றவை தலைதூக்கும்

மூத்தவர் பேசி முடிக்கும்வரை இளையவர்கள் வாய் திறக்காத குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். மூத்தவர் எழுந்து போன மறுநிமிடம் அத்தனை பேரும் பேசுவார்கள். கிளையிலும் இதுதான் நடக்கிறது.

கிளையின் நுனியிலிருக்கும் மொட்டு ஆக்சின் என்ற பொருளைச் சுரக்கிறது. இது செடியின் ஹார்மோன்களில் ஒன்று. அதாவது, ஓரிடத்தில் உண்டாகி இன்னோரிடத்துக்குச் சேதி கொண்டுபோகும் பொருள். ஆக்சின் நுனியிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை பக்கவாட்டில் கணுக்களில் இருக்கும் மொட்டுகள் அடங்கியே இருக்கும். நுனி மொட்டின் இந்த அதிகாரத்துக்குப் பெயர் நுனி ஆதிக்கம்.

1930களில் கென்னத் திமான், ஃபோல்க் ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் அவரைக் குடும்பத்துச் செடிகளில் இதைச் சோதித்தார்கள். நுனியைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் எழுந்தன. கிள்ளிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது, நுனி இன்னும் இருப்பதுபோலவே அவை அடங்கிக் கிடந்தன. கதை அத்தோடு முடியவில்லை. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு ஒன்றில், நுனியைக் கிள்ளியதும் ஆக்சின் குறையும் முன்பே பக்க மொட்டுகளுக்குச் சர்க்கரை பாய்ந்து அவை விழித்துக்கொள்வது தெரிந்தது. நுனி அதிகாரம் மட்டும் செய்யவில்லை, சாப்பாட்டையும் தானே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ரோஜாவைக் கவாத்து செய்பவரை அருகில் நின்று பாருங்கள். மேலிருந்து மனம்போன இடத்தில் வெட்ட மாட்டார். குச்சியில் கண்ணை ஓட்டி, புதரின் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும் ஒரு மொட்டைத் தேடுவார். அதற்குச் சற்று மேலே, விரற்கடைக்கும் குறைவான இடம் விட்டு வெட்டுவார். இனி அந்த மொட்டுதான் நுனி. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக் கிளை போகும். உள்பக்கம் பார்க்கும் மொட்டை நுனியாக்கினால் கிளைகள் புதருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். காற்றோட்டம் குறைந்து இலைகளில் பூஞ்சை ஏறும். கையில் இருப்பது கத்தரிதான், ஆனால் அடுத்த மூன்று மாதம் செடி எந்தத் திசையில் போக வேண்டும் என்று அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மொட்டு விரியும் முன் வெட்டினால் சேமிப்பு பெரிதாகப் போகாது. வெட்டும் இடம் அடுத்த நுனி எது என்பதை முடிவு செய்கிறது. சரி, அப்படியானால் எல்லாவற்றையும் குளிர்கால முடிவிலேயே வெட்டிவிடலாமே?

பழைய குச்சி, புதுக் குச்சி

முடியாது. ஏன் முடியாது என்பதை நான் கற்றது ஒரு லைலாக் செடியிடம். தோட்டவேலை பழகிய முதல் வருடம், மொட்டு விரியும் முன் வெட்டுவதே சரி என்று படித்த தைரியத்தில், வசந்தத் தொடக்கத்தில் அதை அழகாக உருண்டையாகக் கவாத்து செய்தேன். அந்த வருடம் இலை தழைத்தது. பூ ஒன்றுகூட இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, தரையில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்தார். நுனியில் இரட்டையாக நின்ற பருத்த மொட்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே, குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, ஒரு முழுப் பூங்கொத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இது போன கோடையிலேயே தயாராகிவிட்டது. நீங்கள் வெட்டிக் குப்பையில் போட்டது இந்த வருடத்துப் பூவை" என்றார்.

பூக்கும் புதர்களை இந்த ஒரு விஷயத்தை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம்.

லைலாக், ஃபார்சித்தியா, மக்னோலியா, அசேலியா போன்றவை வசந்தத்தில் சீக்கிரம் பூப்பவை. இவற்றின் பூமொட்டு முந்தைய வருடத்திலேயே, அந்த வருடம் வளர்ந்த குச்சியில் உருவாகிக் குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கும். இப்படிப் பூப்பதைப் பழைய குச்சியில் பூப்பது என்பார்கள். இவற்றைப் பூ உதிர்ந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும். அப்போதுதான் புதுக் குச்சி வளர்ந்து, அதில் அடுத்த வருடத்துக்கான மொட்டு கட்ட நேரமிருக்கும்.

புட்லியா, பெரும்பாலான நவீன ரோஜாக்கள் போன்றவை கோடையில் பூப்பவை. இவை முதலில் குச்சியை வளர்த்து, அதே வருடம் அதிலேயே மொட்டு கட்டும். இது புதுக் குச்சியில் பூப்பது. குளிர்கால முடிவில் இவற்றைத் தாராளமாக வெட்டலாம். வெட்டினால் புதுக் குச்சி வீரியமாக வரும், பூவும் பெரிதாக வரும்.

குழப்பத்துக்கென்றே பிறந்தது ஹைட்ரேஞ்சியா. நீலமும் இளஞ்சிவப்புமாக உருண்டைக் கொத்துகளில் பூக்கிறதே, அந்தப் பெரிய இலை வகை பெரும்பாலும் பழைய குச்சியில் பூக்கும். கூம்பு வடிவக் கொத்தாக வெள்ளையில் பூக்கும் வகை புதுக் குச்சியில் பூக்கும். பெயர் ஒன்றே, விதி நேரெதிர். ஒரே பாத்தியில் இரண்டு ஹைட்ரேஞ்சியா நின்று, ஒன்றை ஒட்ட வெட்டியும் மற்றதில் காய்ந்த பூவைக்கூடக் கிள்ளாமலும் விட்டிருந்தால், அது சோம்பேறித்தனம் இல்லை. பெரிய இலை வகையின் காய்ந்த பூங்கொத்துகள் கீழுள்ள மொட்டுகளைப் பனியிலிருந்து கொஞ்சம் காப்பாற்றுகின்றன. கடும்பனிக்காலம் போனபிறகுதான் அவற்றை எடுப்பார்கள்.

மரத்தின் காயம் ஆறுவதில்லை

வசந்தகால வேலைகளில் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான் என்பேன்.

நம் கையில் வெட்டு விழுந்தால், செத்த செல்களை நீக்கி அதே இடத்தில் புதுத் தோல் வளர்கிறது. மரத்தால் அது முடியாது. ஒருமுறை உருவான மரத்திசுவை அது பழுதுபார்ப்பதில்லை. பாதிப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. கப்பலில் ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால், ஓட்டையை அடைக்க முடியாவிட்டாலும், கதவைச் சாத்தி மற்ற அறைகளைக் காப்பாற்றுவார்களே, அந்த மாதிரி. வெட்டிய இடத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை உருண்டு வந்து மூடுவதை நாம் "ஆறிவிட்டது" என்கிறோம். உள்ளே அந்தப் பழைய காயம் மரம் உயிரோடிருக்கும்வரை அப்படியே இருக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ. அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அவர் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தார். ஆயிரக்கணக்கான மரங்களில் அழுகல் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று பின்தொடர்ந்தார். 1977இல் இந்தச் சுவர் கட்டும் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். அதற்குப் பிறகு மரக் கவாத்தின் இலக்கணமே மாறிவிட்டது.

மாறியவற்றில் முக்கியமானது வெட்டும் இடம். கிளை மரத்தோடு சேரும் இடத்தில், சட்டைக் கழுத்துப்பட்டி மாதிரி சற்றே தடித்த வளையம் ஒன்று தெரியும். கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மரம் சுவர் கட்டுவதில் கைதேர்ந்த பகுதி அதுதான். முன்பெல்லாம் கிளையை அடிமரத்தோடு வழவழவென்று ஒட்ட வெட்டுவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், கிளைக் கழுத்தும் சேர்ந்து போய்விடும். நீளமாக மொட்டைக் கட்டை விட்டு வெட்டினாலும் தப்பு. அது செத்து, மூட முடியாத அழுகல் வாசலாகிவிடும். கழுத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்டுவதே சரி.

கனமான கிளையை எடுக்கும்போது ஒரே வெட்டில் முடிக்க மாட்டார்கள். முதலில் அடிமரத்திலிருந்து ஒன்றிரண்டு சாண் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் அறுப்பார்கள். அடுத்து அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுப்பார்கள். பாரம் தாங்காமல் கிளை முறிந்து விழும். முறியும்போது பட்டை உரிந்துகொண்டு வரும், ஆனால் முதல் வெட்டு வரை வந்து நின்றுவிடும். மீதமிருக்கும் குட்டையான கட்டையில் பாரம் இல்லை. அதைக் கழுத்துக்கு வெளியே நிதானமாக அறுத்து எடுப்பார்கள். முதல் வெட்டை விட்டுவிட்டு நேராக மேலிருந்து அறுத்தால், கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையை ஆள் உயரத்துக்குக் கிழித்துக்கொண்டு போகக்கூடும். அப்படிக் கிழிந்த மரத்தைப் பார்த்தவர்கள் இந்த மூன்று வெட்டையும் மறக்க மாட்டார்கள்.

வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூசாமல் விட்டிருப்பதைப் பார்த்து அக்கறையின்மை என்று நினைப்பவர்களும் உண்டு. பூசுவதால் பொதுவாக அழுகல் குறைவதில்லை. சில சமயம் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்துகொடுக்கும். காயத்தை மூட வேண்டியது மரம்தான்.

இன்னொன்று. வசந்தத் தொடக்கத்தில் பிர்ச், மேப்பிள் மரங்களை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். "மரம் அழுகிறது" என்பார்கள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் பொதுவாக மரத்துக்குப் பெரிய கேடில்லை. உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் வருவது. வட அமெரிக்காவில் ஓக் மரங்களை வசந்தத்தில் கவாத்து செய்வதைத் தவிர்க்கிறார்கள். புது வெட்டின் வாசனைக்கு வரும் வண்டுகள், ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். பிரிட்டனில் செர்ரி, பிளம் மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டாமல் கோடைக்குத் தள்ளிவைக்கிறார்கள். அங்கே பயம் வெள்ளி இலை நோய் என்ற பூஞ்சை. சேமிப்புக் கணக்கு ஒன்று சொன்னாலும், நோய்க் கணக்கு அதைத் தள்ளிவைக்கலாம்.

பாத்திக்குள் பலகை எதற்கு?

மண் வேலை என்றால் எல்லோரும் உரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். வசந்தத்தில் அதற்கு முந்தைய கேள்வி ஈரம். பனி உருகிய மண் பஞ்சுபோல நீரைக் குடித்திருக்கும். நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம், அதில் காற்றும் நீரும் இருக்கும். வேர் மூச்சு விடுவது அந்த இடைவெளிகளில்தான். ஈர மண்ணை மிதித்தால் இடைவெளிகள் நசுங்கிவிடும். காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகும்.

அதனால் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார்கள். விரலைத் திறந்து கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிமண் உருண்டையாக நின்றால் அன்றைக்குப் பாத்தி வேலை கிடையாது. இறங்கியே ஆக வேண்டுமென்றால் அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் நிற்பார்கள். காலடி அளவில் விழும் எடை பலகை அளவுக்குப் பரவிவிடும். பாத்திக்குள் பலகை கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைக்க வேண்டாம்.

மண் சற்று வெப்பமானதும் மூடாக்கு போடுவார்கள். மரச்சில்லு, இலை மட்கு போன்றவற்றை மண்ணின்மேல் போர்வையாகப் பரப்புவதுதான் மூடாக்கு. ஈரம் காக்கும், களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்யும். 5 முதல் 8 சென்டிமீட்டர் கனம் போதும். அதை மரத்தடியில் எரிமலை மாதிரிக் குவிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தயவுசெய்து அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். அடிமரத்துப் பட்டை காற்றில் இருக்க வேண்டியது. எந்நேரமும் ஈரத்தில் புதைந்திருந்தால் அழுகும், எலியும் குடிவரும். அடிமரத்தைச் சுற்றி ஒரு கையளவு இடம் விட்டு, வடை மாதிரி நடுவில் பள்ளமாக இருந்தால் சரி.

தொடாமல் விடுவதும் வேலை

டாஃபடில் பூத்து முடிந்தபின் அதன் இலைகள் சாய்ந்து மஞ்சளாகிப் பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். வெட்டத்தான் கை போகும். வெட்டக்கூடாது, குறைந்தது ஆறு வாரம். மாதக்கடைசிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தன் கையிருப்பைப் பூவுக்குச் செலவழித்துவிட்டது. அடுத்த வருடத்துக்கான வரவு இந்தச் சாய்ந்த இலைகளில்தான் வந்துகொண்டிருக்கிறது. பார்வையாகவாவது இருக்கட்டுமே என்று சிலர் இலைகளைப் பின்னல் மாதிரி முடிந்துவைக்கிறார்கள். முடிந்த இலைக்கு வெயில் சரியாகப் படாது. அதுவும் வேண்டாம்.

காய்ந்த தண்டுகளும் அப்படித்தான். உள்ளே துளையுள்ள தண்டுகளில் தனித்து வாழும் தேனீக்கள் சில முட்டையிட்டு, குஞ்சுகள் குளிர்காலத்தை உள்ளேயே கழிக்கும். குளிர் குறைந்து அவை வெளியேறும்வரை சில பாத்திகளைத் தொடுவதில்லை. வேலிப்புதரை வெட்டும் முன் பறவைக்கூடு இருக்கிறதா என்று கையால் விலக்கிப் பார்ப்பதும் இதே வகை.

சரி, மண்ணுக்கு மேலே மிச்சமிருப்பது தண்ணீர்க் குழாய். உறைந்த நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயை உடைத்துவிடும் என்பதால், குளிருக்கு முன் எல்லாவற்றையும் வடித்திருப்பார்கள். வசந்தத்தில் வால்வை மெல்லத் திறந்து, காற்றை வெளியேற்றி, எங்கே கசிகிறது என்று ஒரு சுற்று நடந்து பார்ப்பார்கள். அவசரமாகத் திறந்தால் நீர் ஓடிவந்து மோதும் அதிர்ச்சியில் இணைப்புகள் பிய்ந்துகொள்ளும்.

செடிக்கு எண் எதற்கு?

இதுவரை சொன்னவை எந்த நல்ல பூங்காவிலும் நடப்பவை. தாவரவியல் பூங்காவுக்கு மட்டும் உரிய வேலை ஒன்று உண்டு, அது பார்வையாளர் கண்ணில் படுவதேயில்லை. சாதாரணப் பூங்காவில் ஒரு செடி செத்தால் அதேபோல் இன்னொன்றை நட்டால் போதும். தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு செடியும், நூலகத்துப் புத்தகம் மாதிரி, பதிவேட்டில் இருக்கும். எந்த வருடம் வந்தது, எந்த விதையிலிருந்து, விதை எந்த மலையில் யார் சேகரித்தது என்பதெல்லாம் ஓர் எண்ணின்கீழ் இருக்கும். அதுதான் சேர்க்கை எண். பெரும்பாலும் வந்த வருடத்தை முன்னால் வைத்து வரிசை எண்ணைப் பின்னால் சேர்ப்பார்கள். இத்தாலியின் பாதுவா நகரத்துத் தாவரவியல் பூங்கா 1545இல் தொடங்கியது, இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே 1585இல் நட்ட பனை வகை மரம் ஒன்று இன்னமும் உயிரோடிருக்கிறது. நட்ட வருடத்தை நாம் இன்று சொல்ல முடிவதே யாரோ எழுதிவைத்ததால்தான்.

வசந்தத்தில் இந்தப் பதிவேட்டைச் சரிபார்ப்பார்கள். குளிரில் எது செத்தது, எது பிழைத்தது, பனி எந்தச் செடியின் எண் அட்டையைப் பெயர்த்துப் போட்டது என்று பாத்தி பாத்தியாகப் போய்ப் பார்ப்பார்கள். அட்டை இடம்மாறினால் செடியின் வரலாறே மாறிவிடும். தண்டோடு சேர்த்து இறுக்கிய அட்டைக் கம்பிகளைத் தளர்த்துவதும் இப்போதுதான். தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கிக் கழுத்தை நெரித்துவிடும்.

கூடவே இன்னொரு குறிப்பும் எழுதுவார்கள். முதல் மொட்டு எப்போது விரிந்தது, முதல் பூ எப்போது மலர்ந்தது என்ற தேதிகள். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலர்ந்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 2021இல் அங்கே மார்ச் 26ஆம் தேதி முழுப்பூ பூத்தது. அதுவரையிலான 1,200 வருடக் குறிப்புகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. ஐரோப்பாவில் 1957இல் தொடங்கிய ஒரு தோட்ட வலைப்பின்னல், ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கிய கன்றுகளைப் பல நாடுகளில் நட்டு வைத்திருக்கிறது. மரபணு ஒன்றே என்பதால், ஓரிடத்தில் முன்னதாகவும் இன்னோரிடத்தில் பின்னதாகவும் மொட்டு விரிந்தால், வித்தியாசம் செடியினால் வந்ததாக இருக்காது. வானிலையைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு லைலாக் மொட்டைப் பிளந்து காட்டியவர் ஒரு சின்னக் குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். காலையில் பூங்காவுக்குள் நுழைந்ததும் வாசலருகே நிற்கும் ஃபார்சித்தியாவிடம் போவார். ஒரு கிளையை இழுத்து மொட்டைப் பார்ப்பார். மஞ்சள் கீற்று தெரிந்தால் தேதியைக் குறிப்பார். அதற்கப்புறம்தான் கருவிக் கொட்டகையின் பூட்டைத் திறந்து ரோஜாவுக்கான கத்தரியை எடுப்பார்.